மலைக்குளிரும் பழைய செயலியும்: ஓவர்கிளாக்கிங் குறித்த ஒரு மதிப்பீடு

கணினியின் செயலியை அதன் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. செயலிக்குள் நடைபெறும் ஒவ்வொரு வேலையும் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்தே நடப்பதால், நொடிக்கு நிகழும் துடிப்புகளைக் கூட்டினால் அதே செயலி அதே நொடியில் கூடுதலான கணக்குகளை முடிக்கிறது. இதற்கு இடம் தருவது தயாரிப்பு முறையே ஆகும். ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து வெட்டப்படும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தில் அமைவதில்லை. அவற்றுள் நலிந்த சில்லும், கடும் வெப்பச் சூழலிலும், பல ஆண்டுகள் பிழையின்றி இயங்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர் சற்றுத் தாழ்ந்த வேகத்தையே குறித்து விற்கிறார். 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவுச் செயலி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு உரியதாக விற்கப்பட்டபோதும், மதர்போர்டின் அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியவுடன் பெரும்பாலும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. குறைந்த பொருளுள்ள இளைஞருக்கு ஓவர்கிளாக்கிங்கின் மேல் அக்கறை பிறந்ததற்கு அது ஒரு வலுவான காரணம்.

தமிழ்நாட்டில் இன்று பழைய மேசைக்கணினி என்று கைமாறுபவற்றுள், அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட 2011, 2012ஆம் ஆண்டுக் கணினிகள் மிகுதி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதாயினும் சேலத்துக் கடையில் வாங்கியதாயினும், ஏற்காட்டு மலையில் நாகலூர் போன்ற ஊர்களின் வீடுகளுக்கு விளையாட்டுக்கெனச் சென்று சேரும் இத்தகைய கணினியில் பெரும்பாலும் ஐ5-2400 அல்லது ஐ5-3470 செயலியே இருக்கும். இந்தத் தலைமுறைகளில் செயலியின் வேகம், 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பதாகும். அடிப்படைத் துடிப்போடு பிற உறுப்புகளும் பிணைக்கப்பட்டுள்ளமையால் அதைச் சில விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த இயலாது. பெருக்கெண்ணை விருப்பம்போல் உயர்த்தும் உரிமையோ, ஐ5-2500கே போலப் பெயரின் இறுதியில் 'கே' எழுத்தைத் தாங்கிய செயலிகளுக்கும், பி67, இசட்68 போன்ற சிப்செட் கொண்ட மதர்போர்டுகளுக்குமே தரப்பட்டது. ஆகவே அலுவலகக் கணினியை வாங்கியவருள் பெரும்பாலோர்க்கு இம்முறை தொடக்கத்திலேயே அடைபட்ட வழியாகும். இது செயலியின் இயற்கைக் குறைபாடன்று. ஒரே வடிவமைப்பைப் பூட்டியும் திறந்தும் வெவ்வேறு விலைக்கு விற்ற வணிக முடிவு என்பதைக் கண்டித்தே சொல்ல வேண்டும்.

பூட்டில்லாத செயலி கிடைத்தவர்க்கும் ஆதாயம் ஓரளவு வரையே சீராக வளர்கிறது. செயலி இயங்கும்போது செலவிடும் மின்திறன், துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. கோர் எனப்படும் நான்கு கருக்களும் ஒருங்கே உழைக்கும்போது 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஐ5-2500கே செயலியை, மின்னழுத்தத்தைக் கூட்டாமல் 4.0 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுசெல்ல முடிந்தால், வேகமும் மின்செலவும் ஏறத்தாழ 18 விழுக்காடு என ஒன்றாகவே உயர்கின்றன. அதையே 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற, மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35 வோல்ட்டுக்கு உயர்த்த நேர்ந்தால், வேகம் 32 விழுக்காடு கூட, மின்செலவோ 67 விழுக்காடு கூடுகிறது. அந்தக் கூடுதல் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. மேலும், உயர்ந்த வெப்பமும் மின்னோட்ட அடர்த்தியும் சில்லுக்குள் இருக்கும் நுண்கம்பிகளின் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இடம்பெயரச் செய்து அவற்றை மெலிவிக்கின்றன. பத்தாண்டுக்கு மேல் உழைத்த, முன்னைய உரிமையாளர் எவ்வாறு ஓட்டினார் என்பது தெரியாத செயலியில் இத்தேய்வு எவ்வளவு நிகழ்ந்துள்ளது என்பதை வெளியிலிருந்து அளக்க வழியில்லை. இம்முறையின் தகுதி மின்னழுத்தத்தைத் தொடாத எல்லையோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்று கருதுவதற்கு இவையே காரணங்கள்.

மலைக்குளிர் இந்த எல்லையை நீட்டித் தராதா என்னும் வினா ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் வாழ்பவர்க்கு இயல்பாக எழுவது. அதனைச் சற்று விரித்து ஆராய்தல் தகும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. கோடையில் சேலம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் நாள்களிலும் ஏற்காட்டில் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. செயலியின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு செயலி தானே உண்டாக்கும் ஏற்றத்தைக் கூட்டக் கிடைப்பது ஆதலால், அறை பத்து டிகிரி குளிர்ந்தால் செயலியும் பத்து டிகிரி குளிரும் என்று கணக்கிடத் தோன்றும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது; சேலத்தோடு ஒப்பிட ஏற்காட்டுக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. ஹீட்சிங்க் எனப்படும் உலோகத் துடுப்புகளின் ஊடே மின்விசிறி தள்ளும் காற்றின் கன அளவு மாறாவிட்டாலும் அதன் நிறை குறைவதால், அது சுமந்து செல்லும் வெப்பமும் குறைகிறது. தரவு மையங்களுக்கான நெறிமுறைகள் சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கத்தக்க அறை வெப்பத்தை ஒரு டிகிரி குறைப்பது இதனாலேயே. சேலத்தில் அறையைவிட 35 டிகிரி கூடுதலாகச் சூடேறும் செயலி, மலையில் 38 டிகிரிக்கு மேல் சூடேறும் என்று கொண்டால், பத்து டிகிரிக் குளிரில் மிஞ்சுவது ஆறு டிகிரி அளவே. அது பொருட்படுத்தத்தக்க ஆதாயம்தான். எனினும் உலர்ந்துபோன பழைய வெப்பப்பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவுவதும், பனிமூட்ட ஈரத்தில் துடுப்புகளோடு ஒட்டிப் படிந்த தூசியை நீக்குவதும் பழைய கணினியில் அதற்கு இணையான பலனை, எந்த இடருமின்றி, அளிக்கக்கூடும்.

விளையாட்டில் கிடைக்கும் பலனைப் பொறுத்தவரை, காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் கார்டே தடையாக இருக்கும்போது செயலியை விரைவுபடுத்துவதால் பயனில்லை. வேலோரன்ட் போன்று செயலியை மிகுதியும் நம்பியுள்ள விளையாட்டுகளில் சராசரிக் காட்சி வேகத்தைவிட, இடையிடையே திணறி விழும் குறைந்தபட்ச வேகம் உயர்வதே உண்மையான நன்மை. ஆயினும் நான்கு கருக்கள், நான்கு செயல்தொடர்கள் (திரெட்) என்னும் வரம்பைத் துடிப்பு வேகம் மாற்றாது. பூட்டப்பட்டதாயினும் எட்டுச் செயல்தொடர்களை இயக்கும் பழைய ஐ7-2600 செயலியை அதே சாக்கெட்டில் பொருத்துவது, இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் 4.5 கிகாஹெர்ட்ஸ் ஐ5ஐவிட நல்ல தேர்வாக அமையும்.

பிழைகளின் விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் தனிநபர் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓவர்கிளாக் செய்யப்பட்ட கணினிகள் வன்பொருள் பிழையால் முடங்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடுதல் என்று கண்டறிந்தனர். முடங்குவதாவது கண்ணுக்குத் தெரியும்; தவறான கணக்கு ஓசையின்றிக் கோப்புக்குள் எழுதப்படுவது தெரியாது. ஒரே கணினியில் ஒரு பிள்ளை விளையாட, மற்றொரு பிள்ளை பாடம் எழுத, தோட்டத்துக் காப்பிக் கணக்கையும் அதிலேயே வைத்திருக்கும் வீட்டுக்கு இது சிறிய இடரன்று. காற்றிலும் மழையிலும் கிளை விழுந்து மின்சாரம் நிற்கும் மலையூரில், ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தாங்கும் வழக்கமான 600 விஏ யுபிஎஸ், கூடிய சுமையைத் தாங்காமல் அணையவும் கூடும். மின்கட்டணம் பெரிதன்று: கூடுதலாக 60 வாட், நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் இரு மாதங்களுக்குச் சுமார் 14 யூனிட் ஆகும்.

வேகத்தைக் கூட்டினாலும் தீராத குறைகளும் உள்ளன. 2011, 2012ஆம் ஆண்டுச் செயலிகளில் ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுப்பு இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டு, செயலி 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் திறக்காது. அச்செயலிகள் விண்டோஸ் 11க்கான ஆதரவுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே பூட்டில்லாத செயலியும் உரிய மதர்போர்டும் முன்பே கையில் உள்ளவர், மின்னழுத்தத்தை உயர்த்தாமல், சில மணி நேரச் சோதனை ஓட்டத்தில் பிழை வராத அளவு வரை வேகத்தைக் கூட்டிக்கொள்வது முற்றிலும் நியாயமானது. அதற்கெனவே கே வரிசைச் செயலியையும் இசட்68 மதர்போர்டையும் பெரிய குளிரூட்டியையும் இனித் தேடி வாங்குவது வீண்செலவு. அப்பணத்தைப் பிற்காலத்து ஆறு கருச் செயலி ஒன்றுக்குச் சேமிப்பதே தக்கது.