கன்னத்தைத் தொட்டால் கையில் தெரியுமா?

டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், அறிவியல் எழுத்தாளர் சான்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து எழுதிய ‘ஃபேன்டம்ஸ் இன் த பிரெயின்’ என்னும் ஆங்கில நூல் 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர் 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுப் பின்னர் அமெரிக்காவில் சான்டியேகோ நகரில் பேராசிரியரானவர். மூளையைப் பற்றி எளிமையாக ஏதேனும் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு நான் இன்றும் இந்நூலைத்தான் கொடுக்கிறேன். ஆனால் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். அதைத்தான் இங்கே உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

கையை இழந்தவர்களுள் பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பது போலவே தோன்றும். இல்லாத விரல்கள் அரிக்கும். மூடிய பிடி திறக்க மறுக்கும். சிலருக்குத் தாங்க முடியாத வலியும் உண்டு. இதை மாயக்கை என்போம். விபத்தில் கையை இழந்த 17 வயது இளைஞர் ஒருவரின் கண்களைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்தார் இராமச்சந்திரன். கன்னத்தில் ஓரிடத்தைத் தொட்டபோது, கன்னத்தில் மட்டுமல்லாமல் இல்லாத கட்டைவிரலிலும் தொடுவது தெரிகிறது என்றார் இளைஞர். வெதுவெதுப்பான நீர் கன்னத்தில் வழிந்தபோது மாயக்கையிலும் நீர் வழிந்ததாம். செலவு என்று பார்த்தால் ஒரு பஞ்சுக்குச்சி! இந்தப் பகுதியைப் படித்துவிட்டு வியக்காதவர் இருக்க முடியாது.

இதற்கு ஆசிரியர் கூறும் விளக்கமும் அழகானது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் புறணியில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, உடம்பில் எங்கே உணர்வு தோன்றுகிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு வரைபடமே தயாரித்திருந்தார். (மூளைக்குத் தனக்கென்று வலி உணர்வு கிடையாது.) அந்தப் படத்தில் கைக்குரிய இடத்துக்கு அடுத்த வீடு முகத்தினுடையது. மேலும், கையிலிருந்து வரும் நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், கைக்குரிய மூளைப்பகுதி முகத்தைத் தொட்டால் செயற்படுகிறது என்று டிம் பான்ஸ் குழுவினர் 1991-இல் கண்டிருந்தனர். ஆகவே கை போனதும் காலியான வீட்டுக்குள் அடுத்த வீட்டுக்காரராகிய முகம் குடியேறிவிட்டது, அதனால்தான் கன்னத்தைத் தொட்டால் கையில் தெரிகிறது என்பது நூலின் முடிவு.

இங்கே சற்று நில்லுங்கள். இளைஞர் சொன்னது ஒன்று. ஆசிரியர் அதற்குக் கூறும் காரணம் வேறொன்று. முன்னது காட்சி, பின்னது கருத்து. நூலின் நடை மிகச் சரளமாக ஓடுவதால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, இரண்டுமே கண்டறியப்பட்ட உண்மைகள்போல வாசகர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. பாடம் நடத்துவோர் பலரும் இந்தக் குடியேற்றக் கதையை முடிந்த முடிவாகவே சொல்லி வந்திருக்கிறார்கள்.

வீடு உண்மையிலேயே காலியானதா? காலியானதென்றால், இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னால் அந்த இடம் சும்மா இருக்க வேண்டும். தமார் மேக்கின் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கையிழந்தவர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து மாயக்கையை அசைக்கச் சொன்னார்கள். கைக்குரிய பகுதி நன்றாகவே செயற்பட்டது. அது மட்டுமல்ல, மாயவலி மிகுதியாக உடையவர்களிடத்தில் அந்தச் செயற்பாடும் மிகுதியாக இருந்தது. குடியேற்றம் கூடக் கூட வலி கூடும் என்று பலர் நம்பியிருந்ததற்கு இது நேர்மாறானது.

குரங்குகளின் சங்கதி என்ன? நம் நாட்டில் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழுவினர் தண்டுவடத்தில் காயமுற்ற குரங்குகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். முகத்தின் செய்தி கைப்பகுதிக்கு வருவது உண்மையே. ஆனால் புறணியிலுள்ள அடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டி அது வரவில்லை. மிகவும் கீழே, மூளைத்தண்டில் இருக்கும் ஒரு சந்திப்பிலேயே செய்திகள் கலந்து மேலே ஏறுகின்றன. முகத்துக்குரிய புறணியை மருந்தால் செயலிழக்கச் செய்தபோதும் கைப்பகுதியில் முகச்செய்தி நிற்கவில்லை. மூளைத்தண்டிலுள்ள அந்தச் சந்திப்பைச் செயலிழக்கச் செய்தபோது நின்றுவிட்டது.

கடைசியாக, 2025-இல் மேக்கினும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. கையை எடுக்க வேண்டிய நிலையிலிருந்த மூவரை, கை இருந்தபோதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், எடுத்த பின்னும், ஐந்தாண்டு வரை, மீண்டும் பார்த்தார்கள். கையின் வரைபடம் மாறாமல் இருந்தது. உதடுகளின் பகுதி பரவி அங்கே வரவில்லை. “மூன்றே பேர்தானே? இராமச்சந்திரனைக் குறை சொல்லிவிட்டு நீரும் மூவரைக் காட்டுகிறீரே!” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இங்கே தலை எண்ணிக்கையைவிட ஒப்பீடே முக்கியம். முன்பெல்லாம் கையிழந்தவரின் மூளையை வேறொருவரின் மூளையோடு ஒப்பிட்டுத்தான் ‘மாறியிருக்கிறது’ என்றார்கள். ஆளுக்கு ஆள் மூளை வேறுபடுமே! இங்கோ அதே மூளையின் முன்னும் பின்னும் கையில் இருக்கின்றன.

இதனால் அந்த இளைஞர் சொன்னது பொய்யாகிவிடாது. கன்னத்தின் தொடுகை கையில் தெரிந்தது தெரிந்ததுதான். காரணத்தை மட்டும் வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

நூலில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிப் பெட்டி பற்றிய பகுதி. ஓர் அட்டைப் பெட்டி, நடுவில் ஒரு நிலைக்கண்ணாடி. நல்ல கையை உள்ளே விட்டு அசைத்தால், போன கை திரும்பி வந்து அசைவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். பத்தாண்டுகளாக விறைத்துக் கிடந்த மாயக்கை அசைந்தது என்று ஒரு நோயாளி கூவியதை நூல் சொல்கிறது. இந்த ஒன்றைப் பிறர் முறையான சோதனைக்கு உட்படுத்தினார்கள். அமெரிக்காவின் வால்டர் ரீடு இராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2007-இல் வெளியாயிற்று. சிலருக்குக் கண்ணாடி; சிலருக்குத் துணியால் மூடிய கண்ணாடி; சிலர் மனத்துக்குள் காலை அசைத்தால் போதும். நான்கு வாரம் கழித்து, இறுதிவரை இருந்த கண்ணாடிக் குழுவினர் அறுவருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கே குறைந்தது. மூவருக்கு வலி கூடியது. பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆயினும் ‘மூடிய கண்ணாடி’ என்னும் அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். கடவுள் நம்பிக்கையையும் வலிப்பு நோயையும் இணைத்துப் பேசும் பிற்பகுதி இயலுக்கு வரும்போது, அங்கே மூடிய கண்ணாடிக்கு ஈடாக எது இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.