யமஹா பி-45: அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு பியானோ

லாங்கெத்தே ஆற்றின் வெள்ளம் தெருவோடு ஓடிப்போகட்டும் என்று நடைபாதைகளை உயர்த்திக் கட்டிய சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ஊரார், வெள்ளத்துக்கு அவ்வளவு தாராளமாக வழிவிட்டபோதிலும், அடுக்குமாடி வீடுகளில் இரவு பத்து மணிக்குமேல் ஒரு ஸ்வரமும் தளம் விட்டுத் தளம் இறங்க இடங்கொடார். ஆகையால் வேலை முடிந்து இரவில் வீடு சேரும் நம்மவர் பியானோ பழக விரும்பினால், ஹெட்போன் மாட்டி வாசிக்கும் மின்பியானோவையே நாட வேண்டியிருக்கிறது. 2015இல் வெளிவந்து, 2023இல் பி-145க்கு இடம்விட்டு, இப்போது பழைய பொருளாகக் கைமாறிவரும் யமஹா பி-45இல், வீடியோ கேம் இசையமைப்பாளர் நொபுவோ உவேமட்சுவின் ‘டு ஸனார்கண்ட்’ உருப்படியை, இடைநிலை மாணாக்கருக்கென எளிமைப்படுத்திய வடிவத்தில் அப்பியாசம் செய்து பார்த்தேன்.

வீடியோ கேம் சங்கீதத்தை அற்பமாக எண்ணுவோர் நம்மில் உண்டு. 1985இல் கொஜி கொண்டோ ‘சூப்பர் மாரியோ’வுக்கு இசையமைத்தபோது அவருக்குக் கிடைத்தவை ஐந்தே ஒலித்தடங்கள், 2001இல் ‘ஃபைனல் ஃபேண்டஸி’ பத்தாம் ஆட்டம் வந்தபோதோ, இடிந்த நகரருகே தீமூட்டி அமர்ந்திருப்போரைக் காட்டும் தொடக்கக் காட்சிக்கு ‘டு ஸனார்கண்ட்’ வாசிக்கும் தனிப் பியானோ ஒன்றே போதுமானதாயிற்று. ஈ மைனரில் அமைந்த அம்மெட்டு, நடபைரவி கேட்ட செவிக்கு அந்நியமாகத் தோன்றாது. வலக்கை பாடுவதை விரைவில் பிடித்துவிடலாம். அதன் கீழே இடக்கை கார்டுகளை உடைத்து ஏறியிறங்கும்போது, அவ்வொலி மெட்டை விழுங்காதபடி மெல்லெனச் செல்வதுதான் பிரயாசை.

இங்கே 88 கட்டைகளின் அமைப்பு துணைசெய்கிறது. மந்தரப் பக்கம் சற்றுக் கனமாகவும் உச்சப் பக்கம் இலேசாகவும் இருப்பதால், இடக்கை விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வாசிப்பவரால் உணர முடிகிறது. 11.5 கிலோ எடையாதலின் ஒருவரே தூக்கி வைக்கலாம். திரை கிடையாது, ஒற்றைப் பொத்தானை அழுத்திக்கொண்டே குறித்த கட்டையைத் தட்டினால்தான் வாத்திய ஒலி மாறும், மெட்ரோனோம் ஓடும். எந்தக் கட்டை எதற்கு என்பதைக் கையேட்டைப் பாராமல் நினைவிற் கொள்பவர் மகா ஞாபகசாலி! ஹெட்போன் துளை பின்புறத்திலே இருக்கிறது. அதுவும் தடித்த முனைக்கானது. ஒலியை அடக்கினாலும் கட்டைகள் தட்டும் அதிர்வு தரைவழி இறங்கும் என்பதால், தாங்கியின் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் விரிப்பு அவசியம்.

உண்மையான குறை கால்மாட்டில் இருக்கிறது. கார்டு மாறுந்தோறும் பெடலை விட்டு மிதித்து, சில இடங்களில் பாதியளவே தளர்த்தி, பழைய ஒலியின் சாயலை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டிய உருப்படி இது. வாத்தியத்தோடு வரும் சிறு பெடலோ மின்விளக்கு விசையைப் போல உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளை அறியும். அதை வைத்துக்கொண்டால், ஒலி ஒன்றோடொன்று கலங்கும், இல்லையேல் வெட்டுண்டு நிற்கும். தனியே விற்கும் எஃப்சி3ஏ பெடலை இணைத்தால், பாதி மிதிப்பை வாத்தியம் ஏற்கிறது. மெட்டும் மூச்சு விடுகிறது. ஒரே சமயத்தில் 64 ஒலிகளே என்னும் வரம்பு பெரிய கச்சேரி உருப்படிகளுக்கு இடையூறாகலாம், இதற்குப் போதும்.

பழைய பி-45 நல்ல விலைக்கு அகப்பட்டால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் பெடலுக்கும் சேர்த்துப் பணத்தை எடுத்துவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.