கைக்குழந்தையின் பங்கு

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்து, தீட்டுக் கழிந்து, பெயரிட்டு, தாய் எழுந்து நடமாடத் தொடங்கியதும், அவளைப் பார்க்க வரும் பெண்கள் தாய்ப்பாலைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் விசாரித்த கையோடு, "அட்டையில பேரு சேத்தாச்சா?" என்று கேட்பது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. தக்காளித் தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்வோரும், கரும்பு வெட்டுவோரும், வீட்டு ஆண்களைப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டு அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கியிருப்போரும் நிறைந்த இவ்வட்டாரத்தில், மாதந்தோறும் ரேஷன் கடையில் வாங்கும் அரிசியே பல வீடுகளின் உலைக்கு ஆதாரம். ஆதலால் அந்தக் கேள்வியில் குசலம் விசாரிக்கும் தோரணையோடு ஜீவனத்தைப் பற்றிய மெய்யான அக்கறையும் கலந்திருக்கிறது. பாக் நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்துச் சங்கக்கடை வாசலில், இரண்டு தலைமுறைகளுக்கு முன் இதே கேள்வி "பிள்ளைக்குக் கூப்பன் எடுத்தாச்சோ?" என்று எழுந்திருக்கும். பிறந்த சிசுவைக் குடும்பத்தின் உணவுப் பங்கில் சேர்க்கும் இக்காரியத்தை இரு நாடுகளும் எவ்விதம் நடத்தி வந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தால், ஓர் அரசு தன் ஜனங்களுள் ஆகச் சிறியவரை எந்த நாளிலிருந்து கணக்கில் கொள்கிறது என்பது விளங்கும்.

பாலக்கோட்டு முறையை முதலில் பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் வைக்காத நிலையிலும் பதியலாம், பெயரைப் பின்னர் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ் கிடைத்த பின், குழந்தைக்கு ஆதார் எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகையோ கண் பதிவோ எடுக்காமல், பெற்றோருள் ஒருவரின் ஆதாரோடு இணைத்து நீல நிற அட்டையொன்றை வழங்குகிறார்கள். இவ்விரண்டையும் கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், அது வட்டாட்சியர் அலுவலகத்திலுள்ள வட்ட வழங்கல் அலுவலரின் பார்வைக்குச் சென்று, அவர் ஒப்பிய பிறகு குடும்ப அட்டையில் பெயர் ஏறுகிறது. எழுத்தில் பார்த்தால் இது நேரான பாதைதான். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் சம்பிரதாயம்; ஆகவே குழந்தையின் பிறப்பு ஓர் ஊரில் பதிவாகியிருக்கும், தகப்பனின் அட்டை வேறோர் ஊரில் இருக்கும், தாயின் பெயரோ கல்யாணமாகி இரண்டு வருஷம் கழிந்தும் அவளுடைய தகப்பனார் அட்டையிலேயே தங்கியிருக்கும். அவள் பெயரை அங்கே நீக்கி, இங்கே சேர்த்து, அல்லது தம்பதிக்கென்று புது அட்டை வாங்கி, அதன் பின்னரே குழந்தையின் முறை வருகிறது. தாய் இன்னும் அக்குடும்பத்தின் அங்கமாக எழுதப்படாதிருக்க, அவள் மடியிலுள்ள குழந்தை மட்டும் எப்படி எழுதப்படும்? மாதக்கணக்கில் காலதாமதம் நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் குழந்தையைப் பற்றிய காகிதங்கள் அல்ல, தாயைப் பற்றிய காகிதங்களே என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை சிரமப்பட்டுப் பெயர் ஏறிய பின், அரிசி எவ்வளவு கூடுகிறது? தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைகளுக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பெரியவரை ஒரு யூனிட்டாகவும் சிறுவரை அரை யூனிட்டாகவும் கொண்டு, தனி ஆளுக்கு 12 கிலோ என்று தொடங்கி மூன்று யூனிட்டுக்கு 20 கிலோ என்று ஏறும் கணக்கு நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை மாநிலம் நடைமுறைப்படுத்தியபோது, முன்னுரிமைக் குடும்பங்களுக்கு அந்த 20 கிலோ உச்சவரம்பு நீங்கி, பெரிய குடும்பங்கள் ஆள் கணக்குக்கு ஏற்ப அதிகம் பெற வழி பிறந்தது. புருஷனும் மனைவியுமாக 16 கிலோ வாங்கும் வீட்டில் முதல் குழந்தை பிறந்தால் 18 கிலோ ஆகும்; அந்த இரண்டு கிலோ சிறிதன்று. ஆனால் மாமனார் மாமியாரோடு சேர்ந்து ஏற்கெனவே 20 கிலோ வாங்கும் முன்னுரிமையற்ற அட்டையில் குழந்தை ஏறினாலும் ஒரு மணி அரிசி கூடுவதில்லை. ஆயினும் அவ்வீட்டாரும் பெயர் சேர்க்கத்தான் செய்கிறார்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு முதல் பல விஷயங்களுக்கு இந்த அட்டையே குடும்பத்தின் ஜாபிதாவாக விளங்குவதால், அதில் பெயர் இல்லாத குழந்தை அரசின் கண்ணுக்குப் பாதி மறைந்த குழந்தையாகவே இருந்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் ஏற்பாட்டில் போற்றத்தக்க அம்சம் ஒன்று உண்டு: பட்டியல் எப்போதும் திறந்திருக்கிறது. மத்திய சட்டம் கிராமப்புற ஜனத்தொகையில் 75 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு என்று தேச அளவில் வரம்பு வகுத்து, அதை 2011 ஜனத்தொகைக் கணக்கோடு கட்டிவைத்தது. அக்கணக்கெடுப்புக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்கு அவ்வரம்பில் இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே ஒதுக்கீடு நிரம்பிவிட்ட மாநிலங்களில் ஒருவர் இறந்தோ நீங்கியோ இடம் காலியானால்தான் இன்னொருவர் ஏற முடியும் என்ற நிலை தோன்றியது. தமிழ்நாட்டிலோ சட்டத்தின் வரம்புக்குள் வருவோர் ஏறத்தாழ பாதிப் பேர். மற்றவர்களுக்கும் மாநிலம் தன் பொறுப்பிலேயே அரிசி வழங்குவதால், 'இடமில்லை' என்ற பதிலைக் கேட்டு ஒரு தாய் திரும்ப வேண்டிய அவசியம் இங்கே ஏற்படவில்லை.

இலங்கையின் சரித்திரம் இவ்விஷயத்தில் மிகவும் துக்ககரமான பாடம் ஒன்றைக் கொண்டிருக்கிறது. யுத்த காலத்தில், 1942இல், அங்கே அரிசிப் பங்கீடு தொடங்கியது. சென்னை நகரிலும் அதற்கு அடுத்த ஆண்டில் தொடங்கியது. ஆனால் அன்றைய சேலம் ஜில்லாவில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்ததும் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கி ஜனங்களின் பாராட்டைப் பெற்றார். மறு வருஷமே, 1953இல், இலங்கையில் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்டு 12ஆம் தேதி ஹர்த்தால் மூண்டு உயிர்கள் பலியாகி, பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி துறந்தார். இங்கே கட்டுப்பாடு நீங்கியது வரவேற்கப்பட, அங்கே கூப்பனில் கைவைத்தது அரசாங்கத்தின் தலையையே அசைத்தது என்பதிலிருந்து, அரிசிக் கூப்பன் அத்தீவில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை உணரலாம். கூப்பன் புத்தகம் ஆளுக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒன்று அல்ல. குழந்தையும் தன் பெயரில் தனிப் புத்தகம் கொண்டிருந்தது என்பதை நான் சாமானியமாகக் கருதவில்லை. சம்பாதிப்பவருடைய பங்கின் வாலாக அல்லாமல், தனித்த ஒரு ஜீவனாக அது எண்ணப்பட்டது.

பின்னர், 1978இல், பங்கீடு வருமானம் குறைந்தோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டு, 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அந்த முத்திரையின் மதிப்பை வகுத்தவர்கள் குழந்தைகளை மறக்கவில்லை. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாதம் 25 ரூபாய், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 20 ரூபாய், அதற்கு மேற்பட்டோருக்கு 15 ரூபாய் என்று, இளையவருக்கே அதிகம் கிடைக்குமாறு அவர்கள் விதித்தார்கள். பாலக்கோட்டுக் கடையில் சிறுவர் அரை யூனிட் ஆனது வயிற்றின் அளவைக் கண்டு. கொழும்பில் சிறுவருக்கு அதிகம் என்றானது வளர்ச்சியின் தேவையைக் கண்டு. இரண்டும் நியாயமே என்றாலும், இரண்டாவதில் தீர்க்கதரிசனம் மிகுதி. ஆனால் அடுத்த ஆண்டே, 1980இல், செலவு பெருகுவதைக் கண்டு அஞ்சிய அரசாங்கம் புதிய பெயர்ச் சேர்க்கையை நிறுத்தியது. அதற்குப் பின் பிறந்த குழந்தைக்கு முத்திரை இல்லை. இளையவருக்கே அதிகம் என்று வகுத்த அதே திட்டம், ஆக இளையவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. உள்ளே இருந்தவர்களுடைய முத்திரையின் மதிப்பையோ விலைவாசி அரித்துத் தின்றது. வறிய வீடுகளில் முன்பிறந்த பிள்ளைக்கு வந்த முத்திரையைக் கொண்டே பின்பிறந்த பிள்ளையையும் போஷிக்க வேண்டியதாயிற்று. விதி செய்தவர் எவரும் குழந்தைகளிடம் தாட்சண்யம் அற்றவர் அல்லர். பட்டியலை மூடினால் பாதிக்கப்படுவோர் இன்னும் பிறக்காதவர்களாகையால், எதிர்த்துக் குரல் கொடுக்க அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

அதன் பின் வறியோருக்கான உதவித் திட்டங்களாக 1989இல் ஜனசவியவும், 1995இல் சமுர்த்தியும் வந்தன. சமுர்த்தியில் குடும்பத்தின் ஆள்தொகைக்கு ஏற்பத் தொகை ஏறியது. 2015 முதல் மூன்று பேர் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாயும், நான்கு பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பத்துக்கு 3,500 ரூபாயும் என்று இருந்தமையால், நான்காவது ஆளாகப் பிறந்த குழந்தை தன்னோடு சிறிது பணத்தையும் கொண்டுவந்தது, ஐந்தாவதாகப் பிறந்தது கொண்டுவரவில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டம் 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பத்தின் வறுமையை அளந்து, குடும்பம் முழுவதற்குமாக ஒரு தொகையை வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. தொட்டிலில் ஒரு குழந்தை கூடினால் அத்தொகை தானாக உயர்வதில்லை. தனிப் புத்தகத்தில் தொடங்கிய இலங்கைக் குழந்தை, எண்பது ஆண்டுகளில், வீட்டாரின் பொதுக் கணக்கில் கரைந்துபோனது என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் இலங்கையில் குழந்தைக்கு இன்னொரு வாசல் உண்டு, அது மிகவும் மேன்மையானது. 1926இல் களுத்துறையில் தோன்றிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து நாடெங்கும் பரவிய அமைப்பில், குடும்பநல உத்தியோகத்தர் என்னும் மருத்துவிச்சி கர்ப்பவதியைத் தேடி வீட்டுக்கே வருகிறார். பிறந்த பின் குழந்தையின் எடையைப் பதிவேட்டில் குறிக்கிறார். 1973இல் தொடங்கிய திரிபோஷா என்னும் சோளமும் சோயாவும் கலந்த சத்துமா, கர்ப்பவதிக்கும் பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை எடை குன்றிய குழந்தைக்கும் அவர் வழியாகவே போய்ச் சேர்கிறது. விண்ணப்பம், ஒப்புதல் என்னும் படிகள் அங்கே தாயின் தலையில் விழுவதில்லை. நம் மாநிலத்திலும் கிராம சுகாதாரச் செவிலியர் உண்டு, ஜனங்கள் பால்வாடி என்றே இன்னும் அழைக்கும் அங்கன்வாடி உண்டு, அங்கே ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலமும் உண்டு. ஒரு பேதம் மட்டும் கவனிக்கத்தக்கது: இங்கே வயது நிரம்பினாலே குழந்தை உரிமை பெறுகிறது, அங்கே எடை குறைந்தால்தான் பெறுகிறது. குழந்தை மெலிந்த பின் கொடுப்பதைவிட மெலியாதிருக்கக் கொடுப்பது உத்தமம் என்பதால் நம் முறையையே நான் சிறந்ததாகக் கொள்வேன். தேடி வருவதில் அவர்கள் முறையைக் கொள்வேன்.

இவ்வேறுபாடுகளை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குத் தருமபுரியின் பழைய வேதனையும் காரணம். பெண் சிசுக்களைப் பிறந்த சில நாட்களிலேயே மாய்த்த கொடுமைக்காக இம்மாவட்டம் பெயர் கெட்டிருந்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கும் விரிவாக்கப்பட்டது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் எடை குறைந்து பிறந்த பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அத்தகைய மண்ணில் ஒரு பெண் குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறுவது, அவள் இவ்வீட்டில் இருக்கிறாள், உண்ணப் போகிறாள் என்று குடும்பமும் அரசும் சேர்ந்து எழுதி வைக்கும் சாசனம். 2023இல் இம்மாவட்டத்து அட்டைகளுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதும் எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது; முளைகட்டி, அரைத்து, பாலெடுத்துக் காய்ச்சும் கேழ்வரகுக் கூழ்தானே இங்கே தலைமுறை தலைமுறையாகக் குழந்தைக்கு ஊட்டும் முதல் ஆகாரம்! ஆனால் அதுவும் அட்டைக்கு இவ்வளவு என்ற கணக்கே. குழந்தைக்கென்று தனி அளவு இல்லை.

என் கோரிக்கை ஒன்றே. குழந்தையின் உரிமை பெயர் ஏறிய நாளிலிருந்து அல்லாமல், பிறந்த நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். கர்ப்ப காலத்திலேயே தாயின் பெயர் சுகாதாரத் துறையின் பிக்மி எண்ணோடு பதிவாகிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் பிறந்தால் பிறப்பும் அங்கிருந்தே பதிவுக்குச் செல்கிறது. இவ்விரு ஏடுகளும் அரசின் கையில் இருக்கும்போது, மூன்றாவது ஏடான குடும்ப அட்டைக்கு அச்செய்தியைச் சுமந்து செல்லும் வேலையைப் பச்சை உடம்புக்காரியிடம் விடுவது எவ்வகையில் பொருந்தும்? தவறிய மாதத்தின் அரிசியை மறு மாதம் கடையில் தருவதில்லை. குழந்தையின் தாமதமான மாதங்களுக்கேனும் அவ்விதியைத் தளர்த்தலாம்.

இவ்விரு நாடுகளின் முறைகளும் ஒரே குழந்தையின் மீது வந்து கவியும் இடமும் இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. தும்பலஅள்ளி முதலிய இடங்களிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறக்கும் குழந்தை, முகாம் பதிவேட்டில் பெயர் ஏறியதும், குடும்பத்தின் அரிசியில் பங்கும், 2021இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி மாதம் 500 ரூபாய் உதவித்தொகையும் பெறுகிறது. அதுவரை அதற்குத் தாழ்வு இல்லை. ஆனால் இங்கே பிறந்ததனால் மட்டும் அது இந்தியப் பிரஜை ஆவதில்லை. தன் பெற்றோரின் தேசத்துப் பிரஜையாக வேண்டுமானால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலும் அதன் பிறப்பைப் பதிய வேண்டும். இப்பதிவுகளைத் தேடிப் பெற்றுத்தர ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல்லாண்டுகளாக முகாம்களில் உழைத்து வந்திருக்கிறது. முகாம் பதிவேட்டில் குழந்தையின் பெயரை எழுதும் அதிகாரியே அந்த விண்ணப்பத்தையும் அன்றைக்கே வாங்கி அனுப்பிவைப்பாரானால், தருமபுரியிலிருந்து சென்னைக்குக் கைக்குழந்தையோடு பஸ் ஏறும் பிரயாணமும், அதற்காக இழக்கும் கூலியும் அத்தாய்மார்களுக்கு மிச்சமாகும்.