புகை வலிமையின் அடையாளமா?

2001-இல் ராப் கோஹன் இயக்கி வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' என்ற அமெரிக்கப் படத்தை நம் மாணவர்களில் பலர் இன்றும் கைப்பேசியில் பார்த்து மகிழ்கின்றனர். அதன் இறுதிப் பந்தயத்தில் 1970-ஆம் ஆண்டு மாடல் டாட்ஜ் சார்ஜர் கார், பின்டயர்கள் புகை கக்க, அதே நேரத்தில் முன்சக்கரங்களையும் தூக்கிக்கொண்டு பாய்கிறது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளுமா?

முதலில் புகையைக் கவனிப்போம். கையால் கியர் மாற்றும் காரில் கிளச்சை மிதித்து, எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு, கிளச்சைச் சட்டென்று விட்டால், அந்தச் சுழற்சி முழுவதும் ஒரே கணத்தில் பின்சக்கரங்களைத் தாக்குகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள ஓய்வுநிலை உராய்வு அதைத் தாங்காது. சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது. இயக்க உராய்வோ இன்னும் குறைவு. ஆகவே ஆற்றலின் பெரும்பகுதி காரை உந்தாமல் ரப்பரைச் சுடுகிறது. இதுவே 'பர்ன் அவுட்'. புகை வலிமையின் அடையாளமன்று. பிடிப்பை இழந்ததன் அடையாளம்.

இனி முன்சக்கரங்கள். வேகம் கூடும்போது பாரம் பின்சக்கரங்களுக்கு மாறும் என்பது உண்மை. அந்த அளவில் படத்தைக் குறை சொல்ல முடியாது. பிழை அளவில்தான் இருக்கிறது. சார்ஜரின் இரு அச்சுகளுக்கும் இடைவெளி சுமார் 3 மீட்டர். எஞ்சின் முன்னால் இருப்பதால், ஈர்ப்பு மையம் பின்னச்சிலிருந்து 1.6 மீட்டர் முன்னாலும் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். முன்புறம் எழ, உராய்வுக் குணகம் 1.6-ஐ 0.5-ஆல் வகுத்தால் வரும் 3.2 ஆகவாவது இருக்க வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயருக்கு அது 1-ஐ ஒட்டியே இருக்கும். வழுக்கும் டயருக்கு இன்னும் குறையும். படம் பெருமையுடன் சொல்லும் 900 குதிரைத்திறனும் இங்கே உதவாது.

டிராக் பந்தயக் கார்கள் முன்சக்கரம் தூக்குவதில்லையா என்று வாசகர் கேட்கலாம். தூக்குகின்றன. அவற்றின் டயர் மிருதுவானது. பாதையிலும் பசைப்பொருள் பூசப்பட்டிருக்கும். பந்தயத்துக்கு முன்பே டயரைப் புகையவிட்டுச் சூடேற்றுவதும் புறப்படும்போது வழுக்காமல் இருப்பதற்கே. படம் இந்த முன்னேற்பாட்டையும் புறப்பாட்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

இது வெறும் திரைப்பட விவகாரமன்று. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; குமுளி மலைப்பாதையும் மழையில் வழுக்கும். சுழன்று வழுக்கும் சக்கரத்துக்கு முன்னோக்கிய பிடிப்புடன் பக்கவாட்டுப் பிடிப்பும் போய்விடும். வளைவில் வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி விலகும். ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்பின் அனுபவமுள்ள ஓட்டுநர், சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துகிறார். டயர் மீண்டும் சாலையைப் பற்றுகிறது. படத்தின் நாயகனோ மேலும் அழுத்துகிறான். மோட்டார் சைக்கிளில் அந்த வளைவுகளில் ஏறும் இளைஞர்கள் பின்பற்ற வேண்டியது ஜீப் ஓட்டுநரின் காலையே.

விறுவிறுப்புக்குக் குறைவில்லாத படம், பார்க்கலாம். உராய்வை மட்டும் அதனிடம் கற்க வேண்டாம்.