பூவுக்கா, நிழலுக்கா?

வேலூர் சத்துவாச்சாரியில் பின்னால் பாறைமலை, முன்னால் தேசிய நெடுஞ்சாலை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டினால் இங்கே யாருக்கும் அது செய்தி இல்லை. இந்த வெக்கையில் நிழலுக்கென்று வாசலில் மயில்கொன்றையை வைக்கிறோமே, அது சரியான தேர்வுதானா?

மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். மளமளவென்று வளரும், வறட்சியைத் தாங்கும், அகலமாகக் கிளை விரிக்கும். பூவை எடுத்துப் பாருங்கள்: நான்கு இதழ்கள் செக்கச்செவேல், ஐந்தாவது மட்டும் சற்றுப் பெரிது, அதில் வெள்ளையும் மஞ்சளும் தெறித்திருக்கும். அதன் மகரந்தக் காம்புகளைக் கோத்து இழுத்துச் சண்டை போடாத பள்ளிப்பிள்ளை உண்டா?

ஆனால் நிழல் கேட்டு வைப்பவர்கள் மாதத்தைக் கவனிப்பதில்லை. மாசி, பங்குனியில் இலையை உதிர்த்துவிடும். சித்திரையில் பாதி மொட்டைக் கிளையிலேயே பூக்கும். இலை அடர்ந்து மூடுவதற்குள் கத்திரியில் பெரும்பகுதி போய்விடும். உச்சிவெயிலில் நமக்குக் கிடைப்பது அழகு, நிழல் அரைகுறைதான். புங்கனோ பங்குனியிலேயே தளிர்விட்டு, கத்திரி பிறக்கும்போது கரும்பச்சையாக நிற்கும்.

இன்னொரு குறை, மேலாக ஓடும் வேரும் எளிதில் முறியும் கிளையும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது சாய்ந்தவற்றில் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் ஏராளம். வேலூருக்குப் புயல்கூட வேண்டாம், கோடைமழைக்கு முன் வரும் சூறைக்காற்றே போதும்.

பழியை எல்லாம் மரத்தின் தலையில் போடுவதும் அநியாயம். அடிமரம் வரை பேவர் பிளாக் பதிக்கிறோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்குச் சொன்னது. நம் தெருக்களில் ஒரு சாண் மண்கூட மிச்சமில்லை. மின்கம்பிக்காக ஒரே பக்கமாக வெட்டினால் பாரம் மறுபக்கம் சாயாமல் என்ன செய்யும்?

வைத்தே தீருவேன் என்பவர்கள் மூன்றடிக் குழி எடுத்து, பாலித்தீன் பையில் சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு நடட்டும். தண்ணீரைத் தண்டடியில் ஊற்றாமல் தள்ளிப் பாத்தி கட்டி விட்டால் வேர் பரவும். கிளை விரல் தடிமனாக இருக்கும்போதே கவாத்து செய்ய வேண்டும். முற்றிய கிளையை வெட்டினால் அந்த வாயில் அழுகல் இறங்கும்.

கலெக்டர் ஆபீஸ் வளாகம் மாதிரி தாராளமான இடத்துக்கு மயில்கொன்றை பொருந்தும். இருபதடித் தெருவுக்குப் புங்கன்தான் என் ஓட்டு. அதன் இலையில் பேன் தாக்கி முடிச்சு முடிச்சாகக் கொப்புளிக்கும், உதிர்ந்த பூ வண்டிமேல் அப்பும். விளக்குமாறு எடுத்தால் தீர்ந்தது.