டாஞ்சியர் முற்றமும் தெலக்ருவாவின் நீர்வண்ணமும்

பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலக்ருவா (1798–1863) 1832ஆம் ஆண்டு சனவரியில் மொரோக்கோ நாட்டின் டாஞ்சியர் நகரில் கரையிறங்கினார். 1830இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய பிரான்சு, மொரோக்கோ சுல்தான் அதில் தலையிடாதிருக்க வேண்டும் எனக் கருதி மோர்னே பிரபுவின் தலைமையில் தூதுக்குழு ஒன்றை அனுப்பியது. அக்குழுவுடன் சென்ற ஓவியர் நீர்வண்ணத்தில் பதிந்த இல்ல முற்றங்களையே இங்கு நோக்குகிறோம்.

புனைவியல் ஓவியம் என்றதும் புயலும் போரும் குருதியுமே நம் நினைவிற்கு வருகின்றன. தெலக்ருவாவும் கீழ்த்திசையைக் காணுமுன்பே, 1827இல், 'சர்தனபாலசின் மரணம்' என்னும் பேரோவியத்தில் அவ்வாறே அதனைக் கற்பனை செய்தவர்தாம். முற்றப் படங்களிலோ ஆரவாரம் அறவே இல்லை. வெயில் படும் சுவருக்கு அவர் வண்ணம் இடவில்லை. தாளின் வெண்மையே சுவராகி நிற்கிறது. நிழலுக்கு மட்டும் நீர்த்த பூச்சு. பயணக் குறிப்பேடுகளில், தீட்ட நேரம் வாய்க்காத இடங்களில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதி வைத்தார். அறியாததை நிரப்பாமல் விடும் இப்பண்பே இவற்றின் உயிர் என்பது நம் கருத்து.

எட்வர்ட் சைதின் 'ஓரியண்டலிசம்' (1978) வெளிவந்த பின்னர், லிண்டா நோக்லின் 1983இல் இத்தகைய ஓவியங்களின் அதிகாரப் பார்வையைக் கடுமையாக ஆராய்ந்தார். சர்தனபாலசிற்கு அக்கண்டனம் முற்றும் பொருந்தும். முற்றங்களுக்கு அதனை அப்படியே ஏற்றிவிட இயலாது. எனினும் இவை குற்றமற்ற காட்சிகள் என வாதிடவும் நாம் துணியவில்லை. முஸ்லிம் இல்லங்களின் உட்புறம் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. யூத இல்லங்கள் திறந்தன. அதற்குத் துணைநின்ற ஆபிரகாம் பென்ஷிமோல் பிரெஞ்சுத் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர். ஓவியருக்குக் கதவைத் திறந்ததில் அரசின் கையும் உண்டு. (கலை வரலாற்று நூல்கள் பலவும் இதனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.)

அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் கண்ட யூதத் திருமணம், 1841ஆம் ஆண்டுப் பாரிஸ் கலைக்காட்சியில் எண்ணெய் வண்ண ஓவியமாக இடம்பெற்றது. இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. வெறுமையாய் இருந்த முற்றத்தில் இப்போது இசைஞரும் ஆடுபவளும் சுவரோரம் அமர்ந்த விருந்தினரும் நிறைந்துள்ளனர். மணமகள் மட்டும் இல்லை. அவள் உள்ளறையில் இருக்கிறாள். ஓவியரோ முற்றத்திலேயே நின்றுவிட்டார்.