மதிலுக்கு அப்பால் கேட்கும் ஆரவாரம்

உலகப் பெரும் விளையாட்டுப் போட்டி ஒன்றை வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரில் அமர்ந்து காணவேண்டும் என்னும் ஆசை, பிறருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். வீட்டுக் கூடத்திலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. அரங்கின் கடைசி வரிசையில் இடம் பிடித்தவருக்கு எறும்பளவே தெரியும் ஆட்டக்காரரை, அது நெற்றி வியர்வையோடு காட்டுகிறது. இருந்தும் ஆண்டுக் கணக்கில் காசு சேர்த்து, வேலைக்கு விடுப்புச் சொல்லி, வெயிலில் வரிசை நின்று உள்ளே போகத் துடிப்போர் இருக்கவே செய்கின்றனர். அவர்கள் தேடிப் போவது ஆட்டத்தை மட்டுந்தானா? இக்கேள்வியைத் துணிந்து எடுத்துக்கொண்ட திரைப்படம் ஒன்றை இங்கு நாம் ஆராயப் புகுகிறோம்.

ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி எடுத்த 'ஆஃப்சைடு' அப்படம். கால்பந்தாட்டத்தில், நிற்கக் கூடாத இடத்தில் முந்தி நிற்கும் ஆட்டக்காரர் மேல் நடுவர் சொல்லும் குற்றத்தின் பெயர் அது. 2006ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்ற இப்படம், எடுத்தவரின் சொந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. கதை ஒரே நாளில் நடப்பது. 2005 ஜூன் 8ஆம் நாள் தெஹ்ரானின் ஆஸாதி அரங்கில் ஈரானும் பஹ்ரைனும் மோதுகின்றன. வென்றால் ஈரான் அடுத்த ஆண்டு ஜெர்மனியில் நடக்கும் உலகக் கோப்பைக்குப் போகும். 1979 புரட்சிக்குப் பின்னர், ஆடவர் கால்பந்தாட்டம் காண அந்நாட்டுப் பெண்கள் அரங்கினுள் விடப்படாதிருந்த காலம் அது. ஆண் வேடமிட்டு நுழைய முயன்ற சில பெண்கள் அகப்பட்டுக்கொள்கின்றனர். அரங்கின் மதிலை ஒட்டி இரும்புத் தடுப்புகளால் அமைத்த பட்டி ஒன்றில் அவர்களை நிறுத்திக் காவல் வைக்கின்றனர். கதை இவ்வளவே.

தெஹ்ரான் பெண்களின் கதை ஓசூர், கிருஷ்ணகிரி வாசக அன்பர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். இவ்வட்டாரத்து மக்களுக்குச் சென்னைச் சேப்பாக்கம் தொலைவு; பெங்களூரே பக்கம். ஓசூரில் பேருந்து ஏறி அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் நாற்பது கிலோமீட்டரில் அந்நகர். அங்குள்ள சின்னசாமி அரங்கில்தான் 1996 மார்ச் 9 அன்று, உலகக் கோப்பைக் கிரிக்கெட் கால் இறுதியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. அவ்வரங்கில் மின்னொளியில் நடந்த முதல் ஆட்டம் அதுவே. அஸாருத்தீன் தலைமையில் இந்தியா 39 ஓட்டங்களில் வென்றது. ஜாவேத் மியான்தத் ஆடிய கடைசிப் பன்னாட்டு ஆட்டமும் அதுதான். அதனை நேரில் கண்டோம் என்று இன்றும் பெருமை பேசுவோர் பெரும்பாலும் அத்தாவாகவோ மாமாவாகவோ மூத்த அண்ணனாகவோதான் இருப்பர். வீட்டுப் பெண்களுக்கும் ஆசை இருந்திருக்கும். எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை. "யார்கூடப் போவே? ராத்திரி எப்படித் திரும்புவே?" என்னும் இரண்டு கேள்விகளே போதுமானவையாக இருந்தன. ஆகவே இப்படம் நமக்கு அயலாரின் கதை ஆகாது.

பனாஹி ஆட்டத்தைக் காட்டுவதே இல்லை எனலாம். மதிலுக்கு அப்பாலிருந்து ஆரவாரம் எழுகிறது; அலைபோல் உயர்ந்து அடங்குகிறது. பந்து எங்கே போயிற்று, யார் உதைத்தார், ஏன் இந்தக் கூச்சல் என்று பட்டியில் நிற்கும் பெண்கள் பதறுகின்றனர். காவலுக்கு நிற்கும் சிப்பாய் ஒருவன் மனமிரங்கி எட்டிப் பார்த்து, கண்டதைச் சொல்லத் தொடங்குகிறான். பார்க்க முடிந்தவனுக்குச் சொல்லத் தெரியவில்லை; சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பார்க்க வழியில்லை. அரங்கத்தின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு நாமும் அப்பெண்களோடு மதிலுக்கு வெளியே நிற்கிறோம். ஆட்டத்தைக் காட்டியிருந்தால் இப்படம் பாழாகியிருக்கும் என்பதே நம் கருத்து.

நகைச்சுவையும் இதே வறட்சியிலிருந்தே சுரக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கழிப்பறை செல்லவேண்டியிருக்கிறது. பெண்களே வராத அரங்கில் பெண்களுக்குக் கழிப்பறை ஏது? ஆட்ட வீரர் ஒருவரின் படம் அச்சிட்ட சுவரொட்டியை அவள் முகத்தில் முகமூடியாகக் கட்டி, ஆண்கள் கழிப்பறைக்கு அழைத்துச் செல்கிறான் சிப்பாய். அங்கிருந்து அவள் தப்பி ஓடிவிடுகிறாள். அதன் பின் நடப்பதைக் கவனிக்க வேண்டும். அவள் தானாகவே திரும்பி வருகிறாள். தன்னால் அச்சிப்பாய்க்குத் தண்டனை நேருமே என்ற இரக்கம்! காவலர்களுக்குத் தலைமை தாங்கும் சிப்பாயோ தப்ரீஸ் பக்கத்து நாட்டுப்புறத்தான். விடுப்பில் ஊர் சென்று கால்நடைகளைப் பார்க்க வேண்டியவனை இங்கே நிறுத்திவிட்டார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் மாட்டையும் மாந்தோப்பையும் விட்டுவிட்டுத் தொழிற்சாலை வாயிலில் காவல் நிற்கும் நம் இளைஞனை அவன் முகத்தில் நாம் காண்கிறோம். தடுப்பவனைக் கொடியவனாக்கியிருந்தால் படம் வெறும் முழக்கமாகியிருக்கும். தடுப்பவனும் தன் இடத்தில் இல்லாதவனே என்று காட்டியதில்தான் இயக்குநரின் நேர்மை விளங்குகிறது.

ஜப்பானோடு நடந்த ஆட்டத்தில் ஜப்பானியப் பெண்களை உள்ளே விட்டீர்களே என்று ஒருத்தி வாதிடுகிறாள். ஆண்கள் கூவும் வசைச்சொற்கள் அவர்களுக்குப் புரியாது என்பது சிப்பாயின் விடை. அப்படியானால் இந்நாட்டில் பிறந்ததுதான் என் குற்றமா என்று அவள் மடக்குகிறாள். சிப்பாயிடம் பதில் இல்லை.

முஸ்லிம் நாடு ஒன்றை மேலைநாட்டார் முன் நகையாடும் படமன்றோ இது என்று முகஞ்சுளிப்போர் நம்மிடையே உண்டு. அவ்வையம் நியாயமானதே; விருதளிக்கும் கைகளுக்கும் ஓர் உள்நோக்கம் இருத்தல் கூடும். எனினும் இத்தடை ஒரு நாட்டு அரசின் ஏற்பாடேயன்றித் தீனின் கட்டளை அன்று. வேறு பல முஸ்லிம் நாடுகளில் பெண்கள் அரங்குகளில் அமர்ந்தே வந்துள்ளனர்; சவூதி அரேபியாவும் 2018 ஜனவரியில் தன் அரங்குகளைத் திறந்துவிட்டது. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மனநிறைவு கொள்ளும்வரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்தபடி நின்றிருந்த செய்தி புகாரி ஷரீஃபில் உள்ளது. அதை அறியாதவர் அல்லர் நம் வாசகர். 'யாரோடு போவாய்?' என்ற கேள்விக்கு, 'நான் உடன் நிற்கிறேன்' என்று ஒருவர் விடை சொன்ன வரலாறு அது.

குறையும் கூறவேண்டும். படம் எந்த வீட்டின் வாசற்படியையும் மிதிக்கவில்லை. மகளைத் தேடி அலையும் தந்தை ஒருவர் தொடக்கத்தில் வருகிறார். அவர் முகத்தில் கவலை தெரிகிறது. ஆனால் மகள் புறப்படுமுன் அவ்வீட்டில் என்ன பேச்சு நடந்தது, தாய் என்ன சொன்னாள், தம்பி யார் பக்கம் நின்றான் என்பதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை. அரசு கட்டிய மதிலைப் பனாஹி கல் கல்லாகக் காட்டிவிட்டார். வீட்டுக்குள் இருக்கும் மதிலை அவர் தொடவில்லை. ஓசூர் வாசகருக்குத் தேவைப்படுவதோ அந்த இரண்டாவது மதிலின் கதை. சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு முறை வேலைக்குக் கம்பெனிப் பேருந்தில் மகளை ஏற்றிவிடும் அதே வீடு, பகலில் ஓர் ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்றால் தயங்குகிறதே, அத்தயக்கத்தை எழுத நம்மில் ஒருவர்தான் முன்வர வேண்டும்.

இறுதிப் பகுதி தனிச் சிறப்புடையது. பெண்களை வண்டியில் ஏற்றிக் கொண்டு செல்கையில் ஈரான் வென்ற செய்தி வானொலியில் வருகிறது. எல்லாரும் குதூகலிக்க ஒருத்தி மட்டும் அழுகிறாள். அவளுக்குக் கால்பந்தில் நாட்டமே இல்லையாம். 2005 மார்ச்சில் ஜப்பானோடு நடந்த ஆட்டத்தின்போது நெரிசலில் இறந்த எழுவரில் ஒருவன் அவள் நண்பன். அவன் நினைவாகவே அவள் அரங்குக்கு வந்தாள். ஏழு மத்தாப்புகளை ஏற்றிக்கொண்டு தெருக் கொண்டாட்டத்தில் அவர்கள் கலக்கிறார்கள்; காவலரும் கலக்கிறார்கள். வெற்றிக் களிப்பு கதவைத் திறந்துவிடுவதாகக் காட்டுவது சற்றே அவசரமான விடுதலை என்றே நமக்குப் படுகிறது. மறுநாள் காலை அதே மதில் அங்கேயே நிற்குமே! ஆயினும் உண்மை ஆட்டம் நடந்த நாளில் அரங்கிலேயே படம்பிடித்து, முடிவு எப்படி வந்தாலும் ஏற்கும்படி இருவகை இறுதிகளை ஆயத்தம் செய்திருந்தார் இயக்குநர் என்பதை மறத்தலாகாது.

மதில் திறக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2019 அக்டோபர் 10 அன்று அதே ஆஸாதி அரங்கில், தனிப் பகுதியில், சில ஆயிரம் பெண்கள் சீட்டு வாங்கி அமர்ந்தனர். எதிரணி கம்போடியா, ஈரான் 14 கோல்கள் அடித்தது, கம்போடியா ஒன்றும் அடிக்கவில்லை. ஆட்டமென்று பார்த்தால் சுவையற்ற ஆட்டம்! பெண்களுக்குரிய சீட்டுகளோ விரைவில் தீர்ந்தன.

பெங்களூரிலோ காலம் வேறு விதமாய்த் திரும்பிற்று. 1976 அக்டோபர் 31 அன்று இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கிய அரங்கு சின்னசாமி அரங்கே. 2025 பெண்கள் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் அங்கு நடக்கவிருந்தது. பாகிஸ்தான் தகுதி பெறாவிடில் இறுதி ஆட்டமும் அங்கேதான். ஆனால் ஜூன் 4 அன்று, உள்நாட்டுக் கோப்பை வெற்றியைக் கொண்டாடத் திரண்ட கூட்டத்தில் அரங்கின் வெளியே நெரிசலில் 11 பேர் மாண்டனர். அதன் பின் உலகக் கோப்பை ஆட்டங்கள் நவி மும்பை முதலிய வேறு நகரங்களுக்குப் போய்விட்டன. நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று இந்தியப் பெண்கள் முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றினர். நாற்பது கிலோமீட்டரில் நடந்திருக்க வேண்டிய ஆட்டத்தை ஓசூர்ப் பெண்கள் தொலைக்காட்சியில் கண்டனர். யாரோடு போவாய் என்று கேட்கும் வாய்ப்புக்கூட இம்முறை வீட்டாருக்குக் கிடைக்கவில்லை.